அன்னமும் தண்ணீரும் இல்லாத வாழ்வு: உடம்பு வைக்கும் கணக்கு

குஜராத்தின் அம்பாஜி கோயில் பக்கம் வாழ்ந்த பிரகலாத் ஜானியைச் 'சுன்ரிவாலா மாதாஜி' என்றுதான் பக்தர்கள் அறிவார்கள். 1929-இல் பிறந்தவர். சிவப்பு உடை, மூக்குத்தி, தோள்வரை தொங்கும் கூந்தலில் பூ என அம்பா தேவியின் கோலத்திலேயே இருந்தவர். 1940-இலிருந்து தாம் உணவையும் தண்ணீரையும் தொட்டதில்லை என்றும், அண்ணத்தில் உள்ள ஒரு துளை வழியே தேவியின் அமிர்தம் சொட்டுகிறது, அதுவே போதும் என்றும் சொல்லிவந்தார். 2020 மே 26 அன்று, 90 வயதில் காலமானார்.

இப்படிச் சொன்ன சாதுக்கள் இந்தியாவில் எத்தனையோ பேர். ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, கேமரா வைத்து, ரத்தம் எடுத்துப் பார்க்கச் சம்மதித்தவர் ஜானி. 2003-இல் அகமதாபாத் ஸ்டெர்லிங் மருத்துவமனையில் 10 நாள், 2010 ஏப்ரல் 22 முதல் மே 6 வரை அதே இடத்தில் 15 நாள். இரண்டு முறையும் நரம்பியல் மருத்துவர் சுதிர் ஷா முன்னின்றார். இரண்டாம் முறை ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் வரும் டிபாஸ் என்ற உடலியல் ஆய்வுக்கூடமும் சேர்ந்துகொண்டது. எல்லையில் தவிக்கும் வீரனுக்கும் பேரிடரில் சிக்கியவனுக்கும் இதில் ஏதாவது உதவி கிடைக்குமா என்பது அவர்களுடைய கேள்வி. நியாயமான கேள்விதான். 15 நாளும் அவர் சாப்பிடவில்லை, குடிக்கவில்லை, சிறுநீர் கழிக்கவில்லை, ஆனாலும் நலமாக இருக்கிறார் என்று அறிவித்தார்கள். செய்தி உலகம் முழுக்கப் போனது. மற்ற ஆய்வாளர்கள் சரிபார்த்து ஏற்கும் ஆய்விதழ் எதிலும் அந்த முடிவு முறையாக வெளிவரவில்லை.

இதை நம்புகிறீர்களா, இல்லையா என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் உடம்பு ஒன்றுதான், அது ஒரே மாதிரிதான் கணக்கு வைக்கிறது. அந்தக் கணக்கைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதலில் தண்ணீர். உடம்பை விட்டுத் தண்ணீர் போவது சிறுநீர், மூச்சு, தோல், மலம் என்ற நான்கு வழியில். நடுத்தர உடல்வாகு உள்ளவர் வியர்க்காமல் சும்மா படுத்திருந்தாலும் மூச்சிலும் தோலிலும் மட்டும் ஒரு நாளைக்கு 700 முதல் 800 மி.லி. போய்விடும். சிறுநீரகம் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் அன்றன்றைய கழிவைக் கரைத்து வெளியே தள்ள அதற்கு ஏறக்குறைய அரை லிட்டர் வேண்டும். பட்டினி கிடந்தால் கழிவு குறையும், சிறுநீரும் குறையும். வரவு என்று பார்த்தால், உடம்பு தன் கொழுப்பையும் மாவுச்சத்தையும் எரிக்கும்போது உண்டாகும் தண்ணீர் நாளைக்கு 250 முதல் 300 மி.லி. மட்டுமே. மெலிந்த, 40 கிலோ எடையுள்ள முதியவருக்கு இந்த அளவுகள் எல்லாமே குறையும். தாராளமாகக் குறைத்துப் போட்டாலும் நிகர இழப்பு நாளைக்கு 600 முதல் 700 கிராம் வரும். 15 நாளில் 9 கிலோவுக்கு மேல். அதாவது உடம்பில் கால் பங்குக்குப் பக்கம்.

எடையில் 5 சதவீதம் தண்ணீராகக் குறைந்தாலே தலை சுற்றும், நாக்கு ஒட்டும், சிறுநீர் தேயிலைச் சாறு நிறத்துக்கு மாறும். 10 சதவீதத்தில் பேச்சு குழறும், புத்தி தடுமாறும். 15-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. சாதாரணமாக மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும் என்று மருத்துவம் சொல்வது இதை வைத்துத்தான். குளிர்ந்த இடம், அசைவின்மை, மனவுறுதி எல்லாம் சேர்ந்தால் சில நாள் கூடும். 1987 செப்டம்பர் 15 அன்று நல்லூரில் தண்ணீரும் அருந்தாமல் உண்ணாவிரதம் தொடங்கிய திலீபன் 26-ஆம் தேதி, 12-ஆம் நாளில் உயிர் நீத்தார். அவர் உடல் நாளுக்கு நாள் ஒடுங்கியதை ஊரே கண்டது. 1979-இல் ஆஸ்திரியாவில் போலீஸார் ஓர் இளைஞனைக் காவலறையில் அடைத்துவிட்டு மறந்தே போனார்கள். 18 நாள் கழித்து உயிரோடு மீட்டார்கள். சுவரில் படிந்த ஈரத்தை நக்கித் தாக்குப்பிடித்ததாகச் சொல்லப்பட்டது. மனித உடம்பு தாங்கியதாக நமக்குத் தெரிந்த எல்லை ஏறக்குறைய இதுதான்.

அடுத்தது உணவு. இதை யாரும் மறைக்க முடியாத இடத்திலிருந்து பார்க்கலாம்: மூச்சு. ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் 200 மி.லி. கரியமில வாயுவை வெளியே விடுகிறார். அதில் உள்ள கரியை மட்டும் எடை போட்டால் ஒரு நாளைக்கு 150 கிராம். மெலிந்த முதியவருக்கு 100 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். 40 கிலோ உடம்பில் மொத்தமாக இருக்கும் கரி சுமார் 7 கிலோ. நாளைக்கு 100 கிராம் போனால் 70 நாளில் அத்தனையும் தீர்ந்துவிடும், எலும்பும் தசையும் கொழுப்பும் மூளையும் உட்பட! அவ்வளவு தூரம் போகும்வரை உயிர் நிற்காது. மூச்சு விடுகிற ஒருவர் 70 நாள் அல்ல, 70 ஆண்டு உண்ணாமல் இருந்தார் என்றால், அவர் வெளியே விட்ட கரி எடைக்கு இரண்டரை டன். அது எங்கிருந்து வந்தது? காற்றில் உள்ள கரியமில வாயுவைப் பிடித்து உடம்பாக்கச் செடிக்குத்தான் முடியும். வெயிலில் உட்கார்ந்தால் நமக்குக் கிடைப்பது வைட்டமின் டி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மூன்றாவது, சிறுநீர். ஜானியின் சிறுநீர்ப்பையில் சிறுநீர் ஊறுவது ஸ்கேனில் தெரிந்தது, ஆனால் வெளியே வரவில்லை, உடம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது என்று விளக்கம் சொன்னார்கள். தண்ணீர் திரும்பப் போனதாகவே வைத்துக்கொண்டாலும் அதில் கரைந்திருந்த கழிவும் கூடவே ரத்தத்துக்குத்தானே போக வேண்டும்? சிறுநீரகம் முழுக்க நின்றுபோன நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர்களுக்கு இது அன்றாடம். தசைக் கழிவான கிரியாட்டினின் 100 மி.லி. ரத்தத்துக்குத் தினமும் 1 மி.கி. அளவுக்கு ஏறும், யூரியா ஏறும், பொட்டாசியம் ஏறும். பொட்டாசியம் 6.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு எந்த நேரமும் தாறுமாறாகலாம். 15 நாள் ஒரு சொட்டும் போகாதவருக்குக் கிரியாட்டினின் இரட்டை இலக்கத்துக்கு வந்திருக்க வேண்டும், டயாலிசிஸ் இல்லாமல் தாங்காது. அது நலமான அளவிலேயே இருந்தால், கழிவு ஏதோ ஒரு வழியில் வெளியே போயிருக்கிறது என்றுதான் பொருள்.

அப்படியானால் 2010 சோதனையில் ஓட்டை எங்கே? ஜானி குடித்தார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. குடிக்க முடியாதபடி அந்தச் சோதனை அமையவில்லை, இவ்வளவுதான் சொல்ல முடியும். வாய் கொப்பளிக்கவும், ஐந்தாம் நாளிலிருந்து குளிக்கவும் அனுமதித்தார்கள். வெயில் காயவும் பரிசோதனைக்கும் அறையை விட்டு வெளியே கூட்டிப் போனார்கள். கேமரா எட்டாத இடத்துக்கு அவர் நகர்ந்து பக்தர்களைச் சந்தித்த நேரங்கள் உண்டு என்று பகுத்தறிவாளர் சனல் இடமருகு சுட்டிக்காட்டினார். தம் அமைப்பினரைப் பார்வையாளராக அனுமதிக்கவில்லை என்றும் சொன்னார். நாளைக்கு முக்கால் லிட்டர் கிடைத்தால் போதும் என்ற நிலையில், ஒரே ஒரு குளியல் போதுமான இடைவெளி.

வாய் கொப்பளிப்பதைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலரும் ஏமாறும் இடம் அது. 100 மி.லி. அளந்து கொடுக்கிறார்கள். துப்பியதை அளந்தால் 100 மி.லி. இருக்கிறது. ஆகவே விழுங்கவில்லை என்று எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் துப்பியதில் எச்சிலும் இருக்கிறது. நன்றாகக் கொப்பளித்தால் சில மி.லி. எச்சில் சுலபமாகச் சேரும். அதே அளவு தண்ணீர் உள்ளே போயிருந்தாலும் அளவுக் குடுவை காட்டிக்கொடுக்காது. கொப்பளிக்கும் தண்ணீரில் போதிய அளவு கன நீரைக் கலந்துவிட்டால் விழுங்கியது சில மி.லி. ஆனாலும் பிறகு எடுக்கும் ரத்தத்தில் அகப்பட்டுவிடும். கொப்பளிப்பையே நிறுத்திவிட்டால் இன்னும் நல்லது.

கன நீர் என்பது கன ஹைட்ரஜன் கொண்ட தண்ணீர். கதிர்வீச்சு இல்லாதது. ஆராய்ச்சிக்குப் பயன்படும் அளவில் கெடுதல் இல்லை. தண்ணீர் விரதம் பற்றிய சோதனைக்கு இதைவிட நேர்மையான கருவி கிடையாது. சாது குடிக்க மாட்டார் என்பதால் தொடக்க நாளில் கிருமி நீக்கிய சிறு அளவை ஊசி வழியே ஏற்றலாம். சில மணி நேரத்தில் அது உடம்பின் தண்ணீர் முழுக்கச் சீராகக் கலந்துவிடும். அதன் பிறகு தினமும் கொஞ்சம் எச்சில் எடுத்து அதன் செறிவைப் பார்க்க வேண்டும். மூச்சிலும் தோலிலும் போகும் தண்ணீரோடு கன நீரும் ஏறக்குறைய அதே விகிதத்தில் போவதால், வெளியிலிருந்து ஒன்றும் வராதவரை செறிவு பெரிதாக மாறாது, உடம்பே உண்டாக்கும் தண்ணீரால் சிறிது மட்டும் குறையும். வெறும் தண்ணீர் உள்ளே போகப் போகச் செறிவு நீர்த்துக்கொண்டே வரும். வழக்கம்போல் குடிக்கும் ஒருவருக்குச் சுமார் ஒரு வாரம் பத்து நாளில் பாதியாகிவிடும். யார் கண்ணில் மண்ணைத் தூவினாலும் இதன் கண்ணில் தூவ முடியாது.

அதற்கு அடுத்த கருவி எடைமேடை, 10 கிராம் வரை காட்டும் தரமான ஒன்று. காலையும் மாலையும் ஒரே துணியில், நகை இல்லாமல், பூமாலை இல்லாமல் நிறுத்த வேண்டும். கட்டிலையே எடைமேடையின் மேல் போட்டுவிட்டால் இன்னும் உத்தமம். ஒன்றும் உண்ணாமல் குடிக்காமல் இருப்பவரின் எடை தூங்கும்போதும் மணிக்கு 20 கிராம் வாக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். ஏறவே கூடாது. ஒரு டம்ளர் குடித்தால் கோடு 200 கிராம் மேலே குதிக்கும். 2003-இல் பத்து நாளில் ஜானியின் எடை சற்றுக் குறைந்ததாகத்தான் செய்தி. அந்தச் சிறு குறைவைப் பலர் கவனிக்காமல் விட்டார்கள். அறுபது ஆண்டுக்கு மேலாக உண்ணாமலே எடை மாறாமல் இருந்தவருக்குப் பத்து நாளில் ஏன் குறைய வேண்டும்? அந்தக் கேள்வியோடுதான் 2010 சோதனை தொடங்கியிருக்க வேண்டும்.

கண்காணிப்பு ஆட்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு இருவர், அதில் ஒருவர் ஆசிரமத்தையும் ஆஸ்பத்திரியையும் சாராதவர். பக்தர்கள் தரிசிக்கலாம், தொடக் கூடாது, பிரசாதம் கைமாறக் கூடாது. குளியலுக்குப் பதில் நிறுத்துப் பார்த்த ஈரத்துண்டால் துடைத்துவிட்டு, துண்டைத் திரும்ப நிறுக்கலாம். தண்ணீர் பற்றிய கேள்விக்கு இப்படி ஐந்து நாள் போதும், 15 நாள் தேவையே இல்லை. உணவு பற்றிய கேள்விக்குப் பதினைந்து நாளும் பயனில்லை, ஏனென்றால் தண்ணீர் மட்டும் குடித்துச் சாதாரண மனிதர்களே அதைத் தாண்டிவிடுவார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எங்கே நிறுத்துவது என்பது. ரத்த சோடியம் 150-ஐத் தாண்டினால், எடை 7 சதவீதம் குறைந்தால், பேச்சில் குழப்பம் தெரிந்தால், சாது என்ன சொன்னாலும் சோதனையை முடித்துவிட வேண்டும். ஆயிரக்கணக்கான பக்தர்கள் வாசலில் நிற்கும்போது "தாகமாக இருக்கிறது" என்று அவரால் சொல்ல முடியாமல் போகலாம். மானத்துக்காக உயிரை விடத் துணிவார். காவல் இறுக்கமாக இருக்க இருக்க இந்த ஆபத்தும் ஏறும். 1999-இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி ஒன்று, காற்றும் ஒளியும் போதும் என்று உபதேசித்து வந்த ஜஸ்முகீன் என்பவரைக் கண்காணிப்பில் வைத்தது. நான்கே நாளில் உடல் வறண்டு, பேச்சு மந்தமாகி, மருத்துவர் சொல்லி நிறுத்த வேண்டியதாயிற்று. சரியான முடிவு அது.

நம் மரபில் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். வடநாட்டுச் சாதுக்களில் பாலை மட்டும் அருந்தும் விரதக்காரர்கள் உண்டு, பழம் மட்டும் உண்பவர்கள் உண்டு. 'அன்னத்தை விட்டவர்' என்றால் அரிசி, கோதுமை முதலிய தானியத்தை விட்டவர் என்றே பொருள். இரண்டு லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 1,300 கலோரியும் ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீரும் இருக்கின்றன. அதிகம் நடமாடாத ஒருவர் அதை வைத்துக்கொண்டு சோறும் தண்ணீரும் தொடாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கலாம், பொய் ஒன்றும் இல்லை. ஊர் வாயில் விழும்போது பால் உதிர்ந்துவிடுகிறது, 'சோறு தண்ணீர் இல்லை' மட்டும் மிஞ்சுகிறது. கங்கைக்கரை காஜிப்பூரில் விவேகானந்தர் 1890-இல் சந்தித்த பவஹாரி பாபாவுக்குக் 'காற்றை உண்பவர்' என்ற பெயரை ஊர்தான் சூட்டியது. அவர் கொஞ்சம் வேப்பிலையோ சில மிளகாயோ உண்டதாக விவேகானந்தரே எழுதியிருக்கிறார்.

திருவண்ணாமலையில் ரமணர் 1896-இல் வந்து சேர்ந்த புதிதில், உடல் நினைவே இல்லாமல் உட்கார்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. பசி என்று அவர் கேட்டதில்லை. ஆனால் உமையம்மன் சன்னதி அபிஷேகப் பால், மஞ்சளும் சர்க்கரையும் பழமும் கலந்து வந்ததை, அப்படியே அவர் வாயில் ஊற்றினார்கள். சோற்றை மறந்த ஞானிக்குப் பின்னால் அதை மறக்காத ஒரு கை இருந்தது. அந்தக் கையைச் சொல்வதால் ரமணரின் பெருமை ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. மணிப்பூரின் இரோம் சர்மிளா 2000-இலிருந்து 2016 வரை வாய்வழியே எதுவும் உட்கொள்ளாமல் போராடியபோதும் மூக்குக் குழாய் வழியே அரசு ஊட்டிக்கொண்டிருந்தது, அதை அவர் ஒருநாளும் மறைக்கவில்லை.

யோக நூல்களைச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. பதஞ்சலி மூன்றாம் பாதத்தில், தொண்டைக் குழியில் மனத்தை நிறுத்தினால் பசிதாகம் நீங்கும் என்கிறார். ஹடயோகப் பிரதீபிகை கேசரி முத்திரைக்குச் செய்முறையே தருகிறது: நாக்கின் அடிநரம்பைக் கூரிய கருவியால் மயிரிழை அளவு அறுத்து, இந்துப்பும் கடுக்காயும் பொடித்துத் தேய்த்து, ஏழு நாளுக்கு ஒருமுறை இப்படியே ஆறு மாதம் செய்து, நாக்கை அண்ணத்துக்குப் பின்னால் மடிக்க வேண்டும். (யாரும் செய்து பார்க்க வேண்டாம். ரத்தப்போக்கும் சீழும் நிச்சயம், பேச்சும் கெடலாம்.) அப்படிச் செய்தவருக்குப் பசியும் தாகமும் இல்லை என்கிறது நூல். எனக்கு இது பொய்யாகப் படவில்லை. நாக்கு அங்கே தொட்டால் எச்சில் ஊறும், வாய் ஈரமாக இருந்தால் தாகம் தெரியாது. இரண்டு மூன்று நாள் பட்டினிக்குப் பிறகு கொழுப்பு எரிந்து கீட்டோன் ஏறும்போது பசி அடங்குவதை நீண்ட விரதம் இருந்தவர்கள் எல்லாருமே சொல்வார்கள். நீங்குவது பசியின் உணர்வு. உடம்பின் தேவை அப்படியேதான் இருக்கிறது. அண்ணத்திலிருந்து சொட்டும் நீரும் அப்படித்தான். நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறுகிறது, ஆனால் அது சொந்த ரத்தத்திலிருந்து எடுத்த தண்ணீர். விழுங்கினால் இருந்த இடத்துக்கே திரும்புகிறது, ஒரு துளியும் கூடுவதில்லை.

உண்ணாமையை ஒரு தவமாகவே எடுத்துக்கொண்ட சமணர்கள் அதை எப்படிப் பதிவு செய்தார்கள் என்று பாருங்கள். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் உள்ள பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு, சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் அனசனம் நோற்று மறைந்ததைச் சொல்கிறது. அங்கேயே இன்னொருவருக்கு 30 நாள். 1929-இல் லாகூர் சிறையில் ஜதீந்திரநாத் தாஸ் 63 நாள். 1952-இல் சென்னையில் பொட்டி ஸ்ரீராமுலு 58 நாள். 1981-இல் அயர்லாந்துக் கைதிகளில் இறந்தவர்கள் 46 முதல் 73 நாள். நூற்றாண்டுகள் தள்ளி, ஒருவரை ஒருவர் அறியாத மனிதர்கள். எண்கள் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அந்தக் கல்வெட்டைப் பொறித்தவர்கள் 570 என்று எழுதியிருக்கலாம், எழுதவில்லை. இவ்வளவு பேர் உயிரைக் கொடுத்து அளந்து காட்டிய எல்லையை, ஆய்விதழ் எதிலும் வராத ஓர் அறிவிப்பை வைத்துக் கடந்துவிட்டதாகச் சொல்வது எனக்கு வேதனை தருகிறது.

ஜானி இடம்பெற்ற ஓர் ஆஸ்திரிய ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டு, ஒளியை மட்டும் உண்டு வாழ முயன்ற சுவிட்சர்லாந்துப் பெண் ஒருவர் பட்டினியால் இறந்த செய்தி 2012-இல் வந்தது. ஆகவே இந்தத் தகவலையும் சேர்த்துவிடுகிறேன். பத்து நாளுக்கு மேல் உண்ணாதவரை யாராவது மீட்டுக் கொண்டுவந்தால், வயிறு நிறையச் சோறு போடத்தான் கை துடிக்கும். அதைச் செய்யக் கூடாது. மாவுச்சத்து திடீரென்று உள்ளே போனதும் இன்சுலின் பாயும், ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மக்னீசியமும் செல்லுக்குள் இழுக்கப்படும், இதயம் நின்றுபோகலாம். பட்டினியில் தப்பியவர் சாப்பாட்டில் இறப்பது இப்படித்தான். ஆஸ்பத்திரியில் முதலில் தயமின், அதாவது வைட்டமின் பி1, நாளைக்கு 200 முதல் 300 மி.கி. கொடுப்பார்கள். பிறகு உடல் எடையில் கிலோவுக்கு 10 கலோரிக்கு மேல் போகாமல் தொடங்குவார்கள், மிகவும் நலிந்தவருக்கு 5. 40 கிலோ உள்ளவருக்கு அது நாள் முழுவதற்கும் 400 கலோரி, ஆறேழு தவணையாகப் பிரித்து. நான்கு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் மெல்ல ஏற்றுவார்கள். அந்த நாள்களில் தினமும் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் பார்த்தாக வேண்டும், இ.சி.ஜி.யும் எடுக்க வேண்டும். வீட்டில் வைத்துச் செய்யும் காரியம் அல்ல அது.